கண்டி: நமது மலைத் தண்ணீர் வளைந்து போகும் நகரம்



தோட்டத்தில் யாரையாவது "கண்டிக்கு எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரிக்குப் போனேன்", "ஒரு கடுதாசி விஷயமாகப் போனேன்", "மகளுக்கு உடுப்பு வாங்கப் போனேன்" என்றுதான் பதில் வரும். வேலை முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்து விடுவோம். அந்த ஊர் எப்படி உண்டானது, அதற்கும் நமது மலைக்கும் என்ன சம்பந்தம் என்று உட்கார்ந்து பேச நமக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே இந்தப் பாடத்தில் கண்டி நகரத்தைப் பற்றிப் பார்ப்போம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அதைக் கொண்டு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். நமது மலையில் இருந்து இறங்குகிற தண்ணீரும், மண்ணும், தேயிலையும், மனிதரும் பெரும்பாலும் கண்டியைத் தொட்டுத்தான் போகின்றன. கண்டியை அறிவது நமது சொந்தக் கதையை அறிவது போலத்தான்.

நகரம் இருக்கும் இடம்

கண்டி, கொழும்பிலிருந்து வீதி வழியாக ஏறக்குறைய 115 கிலோமீற்றர் தூரத்தில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நகர எல்லைக்குள் வசிப்பவர்கள் ஒரு இலட்சம் பேர் அளவில்தான். ஆனால் பகலில் போய்ப் பார்த்தால் அதைவிடப் பல மடங்கு கூட்டம் தெரியும். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, சந்தை, அலுவலகம் என்று சுற்றுப்புற ஊர்களெல்லாம் அங்கேதான் வந்து இறங்குகின்றன.

நகரம் ஒரு குழியான கிண்ணத்துக்குள் இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். தெற்கே ஹந்தானை மலை. கிழக்கே தள்டி நக்கிள்ஸ் மலைத்தொடர். தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகலைக் காடு. மற்ற மூன்று பக்கமும், அதாவது மேற்கு, வடக்கு, கிழக்கு ஆகிய பக்கங்களில், மகாவலி கங்கை வளைத்துக் கொண்டு போகிறது. பேராதனை, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லை, தென்னகும்புர என்று ஆற்றோரத்து ஊர்களை வரிசையாகச் சொன்னால் அந்த வளைவு மனதில் பதிந்து விடும். கிண்ணம் மாதிரி இருப்பதால் வாகனப் புகை எளிதில் வெளியேறாமல் நகரத்திலேயே தங்கி விடுகிறது. கண்டியில் இறங்கியதும் சிலருக்கு மூச்சு முட்டுவது இதனால்தான்.

ஆறு எங்கிருந்து வருகிறது?

மகாவலி, 335 கிலோமீற்றர் நீளம் கொண்டது. இலங்கையின் மிக நீண்ட ஆறு. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில் ஊறுகிற தண்ணீர் அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பக்கமாகக் கொத்மலை ஓயாவாக இறங்குகிறது. நானு ஓயாவும் அதில்தான் சேருகிறது. அட்டன் பக்கத்துத் தண்ணீர் அட்டன் ஓயாவாக இறங்கி வருகிறது. எல்லாம் ஒன்று சேர்ந்து கம்பளையைக் கடந்து பேராதனைக்கு வருகிறது. பிறகு கண்டியைச் சுற்றி வளைந்து, கிழக்கே இறங்கி, கடைசியில் திருகோணமலைக்குத் தெற்கே கடலில் விழுகிறது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைக்காரர்கள், "எங்கள் ஆறும் கண்டிக்குத்தானே போகும்?" என்று கேட்பார்கள். இல்லை. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் களனி கங்கையாகிக் கொழும்புப் பக்கம் போகின்றன. மலை முகட்டின் இந்தப் பக்கம் விழுந்த மழை திருகோணமலைக்கு, அந்தப் பக்கம் விழுந்த மழை கொழும்புக்கு. உங்கள் தோட்டத்து ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிள்ளைகளை விசாரித்து வரச் சொல்லுங்கள். நல்ல பாடமாக இருக்கும்.

அரசர்கள் ஏன் இந்த இடத்தைப் பிடித்தார்கள்?

மலையும் ஆறும் சேர்ந்து கோட்டை மதில் மாதிரி நின்றதால்தான். கரையோரத்தைப் போர்த்துக்கேயரும், பின்பு ஒல்லாந்தரும், பின்பு ஆங்கிலேயரும் பிடித்துக் கொண்ட காலத்திலும் கண்டி இராச்சியம் 1815 வரையில் தனித்து நின்றது. 1638 இல் பேராதனைக்குப் பக்கத்தில் உள்ள கன்னொருவையில் போர்த்துக்கேயப் படை தோற்றது. 1803 இல் ஆங்கிலேயப் படையொன்று கண்டிக்குள் வந்து உட்கார்ந்தது. திரும்பிப் போக வெளிக்கிட்ட போது மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. வட்டாபுளுவையில் ஆற்றைக் கடக்க ஏலாமல் அகப்பட்டு அந்தப் படை அழிந்தது. ஆறு அரசனுக்குப் படைவீரன் மாதிரி வேலை செய்திருக்கிறது.

1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள், மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி வந்தவர்கள். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். அவனுடைய இயற்பெயர் கண்ணுசாமி. தலதா மாளிகை முன்னால் இருக்கும் கண்டி வாவி, 1807 இல் அவன் வயல் நிலத்தை மறித்துக் கட்டத் தொடங்கியது. 1815 பெப்ரவரியில் அவன் பிடிபட்டான். மார்ச் 2 ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அரசனை வேலூருக்குக் கொண்டு போனார்கள். அங்கேயே 1832 இல் இறந்து போனான்.

தலதா மாளிகை உலகம் முழுவதும் இருந்து பௌத்தர்கள் வந்து கும்பிடும் இடம். ஆடி, ஆவணி மாதங்களில் வரும் பெரஹராவைப் பார்க்க நமது தோட்டங்களில் இருந்தும் பலர் போகிறார்கள். 1988 இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமை நகரமாக ஏற்றுக் கொண்டது. 1998 சனவரியில் மாளிகை வாசலில் குண்டு வெடித்துப் பலர் இறந்தனர். பிறகு திருத்திக் கட்டினார்கள்.

நம்மவர் நடந்து வந்த வழி

ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்ததும் செய்த முதல் வேலை வீதி போட்டது. கொழும்பு - கண்டி வீதி 1820 களில் தொடங்கியது. 1833 இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தால் பாலம் கட்டினார்கள். அது 1905 வரை நின்றது. அதே காலத்தில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் வந்தன. கோப்பிப் பழம் பறிக்க ஆள் தேவைப்பட்டது. அந்த ஆட்கள்தான் நமது முன்னோர்கள்.

தமிழ்நாட்டில் இருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று கால் நடையாகவே வந்தார்கள். தண்ணீர் இல்லாமலும், வாந்திபேதியிலும், காய்ச்சலிலும் வழியிலே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். பிழைத்து வந்தவர்கள் மாத்தளை தாண்டிக் கண்டிக்கு வந்து, அங்கிருந்து கங்காணிமார் பின்னால் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள். கோப்பி காலத்தில் பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிப் போவார்கள். தேயிலை வந்த பிறகு வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டியதால், லயத்தில் குடும்பத்தோடு தங்கி விட்டார்கள்.

1867 இல் கொழும்பில் இருந்து கண்டிக்குக் கோச்சி ஓடத் தொடங்கியது. ஆள் ஏற்றவென்று போட்ட பாதையல்ல அது. கோப்பி மூட்டையைத் துறைமுகத்துக்கு இறக்கவே போட்டார்கள். 1874 இல் நாவலப்பிட்டி வரைக்கும், 1880 இல் மாத்தளை வரைக்கும் பாதை நீண்டது. பேராதனைச் சந்தியில் ஒரு கிளை கண்டி, மாத்தளைக்கும் மற்றக் கிளை நாவலப்பிட்டி வழியாக மேல் மலைக்கும் பிரிகிறதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

தேயிலையும் கண்டியும்

1821 இல் பேராதனைப் பூந்தோட்டம் உண்டாயிற்று. 147 ஏக்கர். மகாவலி அதை மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது. 1839 இல் அசாம் தேயிலை விதைகள் இந்தப் பூந்தோட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. ஆனால் தோட்டமாகப் போட்டது 1867 இல். கண்டி மாவட்டத்தில் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, சில வருடங்களில் கோப்பி அழிந்து போகவே, எல்லோரும் தேயிலைக்கு மாறினார்கள்.

டெயிலர் 1892 இல் இறந்தார். அவரைக் கண்டி மஹியாவை மயானத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அதே மஹியாவையில்தான் நகரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்கிற மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்புகளும் உண்டு. அவர்களும் தமிழ்நாட்டில் இருந்து கொண்டு வரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். நமது ஆட்கள் மலையில் கொழுந்து எடுக்கிற அதே காலத்தில், இவர்கள் நகரத்தின் குப்பையையும் கழிவையும் அள்ளினார்கள். தேயிலை போட்ட துரையின் பெயரைக் கல்லில் பார்க்கலாம். நகரத்தைக் கூட்டினவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் கிடையாது. நமது பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஹந்தானையில் 1925 இல் கட்டிய பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றைத் திருத்தி, 2001 இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தார்கள். பழைய ரோலர், அடுப்பு, இயந்திரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஸ்டோரில் வேலை செய்த பெரியவர் ஒருவரை உங்கள் பிள்ளைகளோடு அனுப்பி வையுங்கள். அட்டையில் எழுதி வைத்திருப்பதை விட அவர் கூடச் சொல்லுவார்.

பிரஜாவுரிமையும் கண்டி வரிசையும்

1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரில் பெரும்பாலானவர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நமது தலைகளைக் கணக்குப் பண்ணிப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கடவுச்சீட்டு எடுக்கக் கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் வாசலில் வரிசையாக நின்றதைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். மலைநாட்டுக் கோச்சி நிலையங்களில் அண்ணன் தம்பியும், தாய் பிள்ளையும் கட்டிப் பிடித்து அழுது பிரிந்து தலைமன்னாருக்குப் போனார்கள்.

2003 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கச் சட்டத்தினால், இந்திய வம்சாவளியினராய் நாடற்று இருந்தவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஆனால் உரிமை கிடைத்தும் கையில் பத்திரம் இல்லாமல் இருப்பவர்களைக் காண்கிறோம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் ஆகியவற்றைத் தகரப் பெட்டியில் போட்டு மறந்து விடாதீர்கள். ஒவ்வொன்றிலும் பிரதி எடுத்து வேறு இடத்திலும் வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து பிழையென்றாலும் இப்போதே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பிள்ளைக்குப் பரீட்சை வந்த பிறகு ஓடினால் கஷ்டம்.

கண்டிக்குப் போகிறவர்களுக்கு

வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும். கண்டி தேசிய வைத்தியசாலை நகரத்துக்குள் இருக்கிறது. பேராதனைப் போதனா வைத்தியசாலை, சிறுவர் வைத்தியசாலை, பல் வைத்தியசாலை ஆகியவை பேராதனையில் இருக்கின்றன. கம்பளை வழியாக வருகிற பஸ் முதலில் பேராதனையைத்தான் தொடும். துண்டில் எந்த வைத்தியசாலை என்று எழுதியிருக்கிறது என்பதை வீட்டிலேயே பிள்ளையிடம் கொடுத்து வாசித்துக் கொள்ளுங்கள். சும்மா "கண்டி ஆஸ்பத்திரி" என்று நினைத்துக் கொண்டு நகரத்துக்குப் போய், மறுபடி பேராதனைக்குத் திரும்புவதற்குள் கிளினிக் முடிந்து விடும். பழைய கிளினிக் புத்தகத்தையும், குடிக்கிற மருந்தின் பெட்டியையும் மறக்காமல் கொண்டு போங்கள். அவசரம் என்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். பணம் கேட்க மாட்டார்கள்.

படிப்பு விஷயம் பேசினால் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் விட ஏலாது. 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952 இல் மகாவலிக் கரைக்கு இடம் மாறியது. வைத்தியம், பொறியியல், விவசாயம், கலை எல்லாம் அங்கே படிக்கலாம். வளவுக்குள் குறிஞ்சிக் குமரன் கோயிலும் இருக்கிறது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் அங்கே படித்து ஆசிரியராகவும், டொக்டராகவும், விரிவுரையாளராகவும் ஆகியிருக்கிறார்கள். பூந்தோட்டம் பார்க்கப் போகிற அன்றைக்குப் பல்கலைக்கழக வாசலையும் பிள்ளைக்குக் காட்டிவிட்டு வாருங்கள். பார்த்த இடத்துக்குப் போக வேண்டுமென்ற ஆசை தானாக வரும்.

ஆற்றுக்கு அணை போட்டபின்

1976 இல் கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலியை மறித்தார்கள். அங்கிருந்து மலைக்கு அடியில் சுரங்கம் வெட்டித் தண்ணீரின் ஒரு பகுதியை உக்குவெல மின் நிலையத்துக்கு அனுப்பி, பிறகு வடக்கே வரண்ட பிரதேசத்துக் குளங்களுக்கும் வயல்களுக்கும் விடுகிறார்கள். 1985 இல் கொத்மலை, விக்டோரியா அணைகள் வேலைக்கு வந்தன. விக்டோரியா 122 மீற்றர் உயரம். அந்த நீர்த்தேக்கத்துக்குள் பழைய தெல்தெனியா நகரம் மூழ்கிப் போனது. 2012 இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வந்தது. நமது மலை மழைதான் அநுராதபுரப் பக்கம் நெல்லாகிறது, வீட்டில் விளக்காக எரிகிறது.

கண்டி நகர மக்கள் குடிப்பதும் பெரும்பாலும் மகாவலித் தண்ணீர். இப்போது நமது பங்கைப் பாருங்கள். களைநாசினிப் போத்தலை ஓடையில் கழுவினாலும், மலசலகூடக் கழிவை ஓடைக்கு விட்டாலும், கீழே யாரோ ஒரு தாய் அந்தத் தண்ணீரைத்தான் சுத்திகரித்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். நகரமும் சும்மா இல்லை. வாவியில் இருந்து வெளியேறும் மெத எல ஓடை நகரத்து அழுக்கையும் சுமந்து கொண்டு கெட்டம்பேயில் ஆற்றில் விழுகிறது. இருவரும் திருந்த வேண்டும்.

மண் விஷயம் இன்னும் பெரிது. கொழுந்து மலையில் மழை அடித்துப் போகிற மண் கடைசியில் அணைகளுக்குள் சேற்றாகப் படிகிறது. நீர்த்தேக்கம் ஆழம் குறைந்தால் மின்சாரமும் குறையும், வயலும் காயும். அதை விட, மண் போன மலையில் தேயிலையே நிற்காது. கொழுந்து குறைந்தால் கிலோவும் குறையும், சம்பளமும் குறையும். ஆகவே கான் வெட்டுகிறவர்கள் கானுக்குள் விட்ட மண் குழிகளை மழைக்கு முன்னால் தூர் எடுக்க வேண்டும். கவ்வாத்து முடிந்ததும் தடித்த மிலாறை விறகுக்கு எடுத்தாலும், சிறு கிளையையும் இலையையும் மலையிலேயே பரத்தி விடுங்கள். அது மண்ணுக்குப் போர்வை.

மலை பேசும்போது கேட்க வேண்டும்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாட்டில் 600 க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி மாவட்டமும், நமது மலைப் பிரதேசமும் பெரிய இழப்பைக் கண்டன. மேலே மலைகள் சரிந்தன. கீழே கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலி கரை புரண்டு ஓடியது. அரசர்களைக் காத்த அதே மலையும் ஆறும்தான். சரிவில் லயம் கட்டியது நமது குற்றமல்ல. நூறு வருடத்துக்கு முன்னே யாரோ கட்டி வைத்த இடத்தில் குடியிருக்கிறோம். பாதுகாப்பான இடத்தில் வீடும் காணியும் வேண்டுமென்று கேட்பது நியாயம். அது கிடைக்கும் வரைக்கும் உயிரைக் காத்துக் கொள்வது நமது கையிலும் இருக்கிறது.

இந்த அடையாளங்களைக் கண்டால் தாமதிக்க வேண்டாம்:

1. நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு விழுதல், இருந்த வெடிப்பு அகலமாகுதல்.
2. மரமும் மின்கம்பமும் சாய்தல்.
3. இல்லாத இடத்தில் திடீரென ஊற்று வருதல், அல்லது ஓடுகிற ஊற்று நின்று போதல்.
4. ஓடைத் தண்ணீர் திடீரெனச் சேறாக வருதல்.
5. கதவு, ஜன்னல் இறுகித் திறக்க முடியாமல் போதல்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டால், "எத்தனையோ மழை பார்த்தோம்" என்று சொல்லிக் கொண்டு படுத்து விடாதீர்கள். பகல் வெளிச்சம் இருக்கும் போதே பிள்ளைகளையும், வயோதிபரையும், பத்திரப் பையையும் எடுத்துக் கொண்டு வெளியேறுங்கள். ஆடு மாட்டை அவிழ்த்து விடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இதைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. மகாவலி கங்கை கண்டியை எந்தெந்தப் பக்கங்களில் சுற்றி ஓடுகிறது?
2. 1803 இல் ஆங்கிலேயப் படைக்கு ஆறு என்ன செய்தது?
3. கொழும்பு - கண்டி கோச்சிப் பாதையும் லூல்கந்துரத் தேயிலையும் எந்த ஆண்டில் வந்தன?
4. உங்கள் தோட்டத்து ஓடை மகாவலிக்குப் போகிறதா, களனிக்குப் போகிறதா, வேறு ஆற்றுக்கா? படம் வரைந்து காட்டுங்கள்.
5. உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், "நம்ம குடும்பம் எந்த வழியாக இந்தத் தோட்டத்துக்கு வந்தது?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே பத்து வரி எழுதுங்கள்.

எழுதிய கொப்பியைப் பிள்ளை மடுவத்திலோ, தோட்ட நலன்புரி அலுவலரிடமோ கொடுங்கள். வாசித்துப் பார்த்துத் திருப்பித் தருவோம். ஐந்தாவது கேள்விக்கான பதிலை மட்டும் வீட்டில் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். அதுவும் ஒரு பத்திரம்தான்.